தாள் செழித்தும் பல் பிரியாத பூண்டு

விதைப்பூண்டு விற்றவர் அவசியம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார். பல்லைக் கூர்முனை மேலே இருக்கும்படி 2 அங்குல ஆழத்தில், கையகல இடைவெளியில் ஊன்றுவதிலோ, மட்கிய எரு கலந்த, நீர் தேங்காத மண்ணைத் தயார் செய்வதிலோ எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. தாள்களும் செழித்து வளர்ந்தன. பிடுங்கிப் பார்த்தபோது, ஒவ்வொன்றின் அடியிலும் பல் பிரியாத ஒற்றை உருண்டைதான் இருந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, உரம் போதவில்லை என்று கூறி இன்னொரு மூட்டையை என் தலையில் கட்டப் பார்த்தார்.

உரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை; குமிழ் திரளும் நேரத்தில் தழைச்சத்தைக் கூட்டினால் இலைதான் கொழுக்கும். விதைப்பூண்டு சில வாரங்களேனும் 10 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிரில் இருந்திருந்தால்தான், பகற்பொழுது நீளும்போது குமிழ் ஒழுங்காகத் திரண்டு பற்களாகப் பிரியும். குளிர்காலம் மிதமாக இருக்கும் இடத்தில் நடுபவர்கள் முழுப் பூண்டைக் காகிதப் பையிலிட்டு, குளிர்பதனப் பெட்டியில் 6 முதல் 8 வாரங்கள் வைத்திருந்து, வெளியே எடுத்தவுடன் பல் பிரித்து ஊன்றிவிட வேண்டும். ஆனால் பெட்டி எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடாது. நடுவில் கெட்டியான பூந்தண்டு விடும் இரகங்களுக்குக் கூடுதல் குளிர் தேவைப்படுவதால், வெப்பமான இடங்களுக்கு மென்தண்டு இரகங்களே பொருந்தும். இரகத்தின் பெயரைச் சொல்லத் தெரியாதவரிடம் விதை வாங்காதீர்கள்.

ஒற்றை உருண்டைகளை எறிந்துவிடவும் வேண்டாம். அவற்றையே குளிரூட்டி மறுபருவத்தில் ஊன்றினேன். புதிதாக வாங்கிய பற்கள் தந்ததைவிடத் திரட்சியான குமிழ்கள் அவற்றிலிருந்துதான் கிடைத்தன.

அறுவடையில்தான் பலர் கைக்கு எட்டியதை நழுவவிடுகிறார்கள். தாள் முழுவதும் காயட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பூண்டின் ஒவ்வோர் இலையும் அடியில் குமிழைச் சுற்றிய ஒரு தோலாகத் தொடர்கிறது. இலை காயக் காய அந்தத் தோலும் மண்ணுக்குள் மட்கிப் பற்கள் விண்டுவிடும். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இலைகள் பழுத்ததும் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். பற்களின் புடைப்பு தோலின் மேலேயே தெரிந்தது. அதற்கு முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்தியிருந்ததால் தோலும் இறுகியிருந்தது. மண்ணைக் கழுவாமல், தாளோடு நிழலில் காற்றாட உலர்த்தினேன். பருத்த குமிழ்களை விதைக்கென்று ஒதுக்கிவிட்டேன். அடுத்த பருவத்துக்கு அந்த விற்பனையாளரின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை.