நிற்கும்போது மட்டும்

மார்ச் 3, செவ்வாய்
சிக்னலில் கார் நின்றதும் மறுபடி அந்த நாற்றம். எண்ணெய் தீய்ந்த வாடை, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற ரகம். வண்டி நகர்ந்ததும் காணோம். பக்கத்தில் இருந்த மனைவியிடம் கேட்கவில்லை. என்ன சொல்வாள் என்று தெரியும்.

மார்ச் 4
குளியலறையிலும் வந்தது. அங்கே என்ஜின் இல்லை. வாசனை தெரியாமல் போன இந்த மூக்கு, இல்லாத நாற்றத்தையும் கிளப்பிவிடும்.

மார்ச் 6, வெள்ளி
வண்டி எது, மூக்கு எது என்று பிரித்தாக வேண்டும். மூன்று நாளாகக் குறித்து வைத்ததை இன்று உட்கார்ந்து பார்த்தேன். மூக்கின் நாற்றத்துக்கு நேரம் காலம் கிடையாது. படுக்கையில் வரும், படித்துக்கொண்டிருக்கும்போது வரும், வந்தால் அரைமணி நேரம் போகாது. வண்டியில் வருவது அப்படி இல்லை. கிளம்பிய உடனே வருவதில்லை. பதினைந்து இருபது நிமிடம் ஓடி என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, அதுவும் நின்றால்தான். ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நின்றால் பானெட்டுக்குள் இருக்கிற புகை, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வரும். வெளிக்காற்றை அடைத்து உள்காற்றிலேயே ஏசியைச் சுழலவிட்டேன். குறைந்தது! மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன், மூன்று தடவையும் குறைந்தது.

மூளை கிளப்பிவிடும் நாற்றத்துக்கு ஏசி பட்டன் தெரியுமா என்ன?

மார்ச் 7
காலையில் என்ஜின் குளிர்ந்திருந்தபோது ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு எடுத்தேன். போன மாதம் மேல்கோட்டில் நின்ற ஆயில் இப்போது நடுவில். இரண்டு கோட்டுக்கும் இடையே இந்த என்ஜினில் சுமார் 1 லிட்டர். அரை லிட்டர் எங்கே போனது? சைலன்சரில் நீலப்புகை இல்லை, அதனால் உள்ளே எரிவதாகத் தோன்றவில்லை. ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்துவைத்த அட்டையில் ஒரு சொட்டு இல்லை. தரைக்கு வந்து சேரும் முன்பே எதன் மேலேயோ விழுந்து தீய்கிறது.

மார்ச் 8, ஞாயிறு
"எனக்கு ஒண்ணும் வரலையேப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவ்வளவு இதமாகச் சொன்னாள். அப்புறம், "நாலு புட்டியும் இன்னிக்கு மோந்தாச்சா?"

மோந்தாச்சு. மூக்கைப் பழக்க தினமும் மோந்து பார்க்கும் வாசனைப் புட்டிகள். கிராம்பு கொஞ்சம். ரோஜா இன்னும் ரப்பர். எலுமிச்சை, யூகலிப்டஸ் இரண்டும் வெறும் புட்டி.

மார்ச் 10
மெக்கானிக்கிடம் விட்டேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கிளட்ச்ல காலை வச்சே ஓட்டுறீங்க சார், அந்த வாடைதான்" என்றார். அவர் எங்கேயும் நிற்காமல் ஓட்டினால் என் நாற்றம் எப்படி வரும்? கிளட்ச் தீய்ந்தால் காகிதம் கருகிய மாதிரி இருக்கும், இது அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எந்த வாடை எப்படி இருக்கும் என்று சாட்சி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது இப்போது?

மார்ச் 11
கிராம்பும் இல்லை இன்று.

மார்ச் 12, வியாழன்
கண்ணை நம்பலாம் அல்லவா. என்ஜினுக்குப் பின்பக்கம் தலை நுழையாது. செல்போனில் டார்ச்சைப் போட்டு உள்ளே விட்டுப் படம் எடுத்தேன். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குக் கீழே கறுப்பாக ஈரக்கோடு, அதில் தூசி கம்பளி போல் படிந்திருக்கிறது. நேர் கீழே, என்ஜினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் தகட்டு மூடி, அதில் காய்ந்த பழுப்புக் கறை. கோடு இருந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து முகப்பவுடர் தூவினேன். இருபது நிமிடம் ஓட்டி, ஆறவிட்டுத் திரும்பப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே ஈரமாக ஒரு விரல் நீளக் கோடு.

படத்தை அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "எண்ணெய்தான்" என்றாள். அந்தப் படத்தைத்தான் போனின் முகப்பில் வைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான், இருக்கட்டும்.

மார்ச் 13
தூக்கம் இல்லை. ஒரு பொறி கிடைத்தால் ஆயில் ஆவி பற்றிக்கொள்ள 200 டிகிரிக்குச் சற்று மேல் போதும். மேனிஃபோல்டு அதைவிட எவ்வளவோ சூடாகும். துளித்துளியாக விழுந்தால் பெரும்பாலும் புகைந்து போய்விடும், தேங்கினால் ஆபத்து அதிகம். இரவு இரண்டு மணிக்கு இந்தத் துளிக்கும் தேக்கத்துக்கும் நடுவே கிடந்தேன். தீயணைப்பானை டிக்கியிலிருந்து எடுத்து சீட்டுக்கு அடியில் வைத்தாயிற்று.

மார்ச் 14, சனி
வேறொரு மெக்கானிக். சின்னப் பையன். பானெட்டைத் தூக்கியதும் மூக்கைச் சுளித்தான். அந்தச் சுளிப்புக்காகவே அவனைக் கும்பிட்டிருப்பேன்.

கவரைக் கழற்றினான். ரப்பர் பேக்கிங் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது, வளைத்ததும் படக்கென்று இரண்டாக ஒடிந்தது. மூன்றாவது ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளும் ஆயில். என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினான். கடகடக்க வேண்டியது, சத்தமே இல்லை. "என்ஜினுக்கு மூச்சு விட வழி இல்லைன்னா எந்த இடம் வீக்கோ அங்க தள்ளிட்டு வரும் சார். இதை மாத்தாம பேக்கிங் மட்டும் போட்டா திரும்ப வருவீங்க." எல்லாம் புதிது. என்ஜினின் பக்கத்து மூடியான டைமிங் கவர் வந்து சேரும் இரண்டு மூலையில் மட்டும் சீலன்ட் ஒரு பொட்டு. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச்சால் 10 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கினான். நான் இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னேன். இறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகுமாம். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 15
நாற்றம் இருக்கிறது.

அவனுக்குப் போன் போட்டேன். துடைத்தது போக இடுக்குகளில் மிச்சம் இருப்பது எரிந்து தீரும்வரை வருமாம், நாலைந்து நாள் ஓட்டணுமாம்.

மார்ச் 17
இருக்கிறது. குறைந்த மாதிரி. இல்லை, அதேதான். உள்காற்றில் போட்டாலும் மாறவில்லை. பவுடர் காய்ந்திருக்கிறது, ஆயில் மேல்கோட்டில். எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் சுத்தம்.

ரோஜா ரப்பர்.

மார்ச் 19
அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். சிக்னலில் நின்றதும் தலையைத் திருப்பினாள். "லேசா வருது, இல்ல?"

எனக்கு எதுவும் வரவில்லை. "ஆமா" என்றேன்.

மார்ச் 20
பவுடர் காய்ந்தே இருக்கிறது. காலையில் எலுமிச்சைப் புட்டியைத் திறந்தபோது ஒரு நொடி ஏதோ