பெயரை விட்டு, பிரச்சினையைத் தேடுங்கள்: மணலூர் மணியம்மை ஆய்வில் நான் கற்றது

உள்ளூர் அரசியலில் உழைத்து மறக்கப்பட்ட ஒரு பெண்ணின் வரலாற்றை ஆய்வேடாக எழுத நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நான் எடுத்துக்கொண்டவர் மணலூர் மணியம்மை. கைம்பெண் கோலத்தை மறுத்து, தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டையோடு கீழத்தஞ்சை வயல்வெளிகளில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய கம்யூனிஸ்ட். இப்படிப்பட்டவரையா மறந்தோம் என்ற ஆதங்கம்தான் என்னை இதில் இறக்கியது.

அவர் பெயரை வைத்துத் தேடினால் பெரியாரின் துணைவியார் மணியம்மைதான் வந்து நிற்பார். வாலாம்பாள் என்ற இயற்பெயரும் அதிகம் உதவாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் குத்தகைத் தகராறு, பண்ணையாள் கூலி, கூட்டத் தடை உத்தரவு ஆகிய தலைப்புகளில் தேடுங்கள். மிராசுதார்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் இடையிலான 1944 மன்னார்குடி ஒப்பந்தமும் 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் காலத்தைப் பிடித்துக்கொள்ள நல்ல முளைகள். மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல், திருவாரூர் 1997இல். அதற்கு முந்தைய எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாக் கட்டுகளில்தான் இருக்கும். பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேளுங்கள். இரண்டு இடத்துக்கும் நெறியாளர் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஆனால் காப்பகத்துக்கு அடுத்த பருவத்தில்கூடப் போகலாம். ஊர்ப் பெரியவர்களை இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள். மணியம்மை இறந்த 1953இல் பத்து வயதாக இருந்தவர்கள்கூட இன்று எண்பதைத் தாண்டியவர்கள். போனதும் "மணியம்மையைத் தெரியுமா?" என்று கேட்டால் "பெரிய தலைவர் தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். களத்தில் எந்த மரக்காலால் அளந்தார்கள், பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் (சாணி கரைத்த நீர்) சவுக்கடியும் எப்போது நின்றன, முதல் செங்கொடி எந்தத் தெருவில் ஏறியது என்று கேளுங்கள். அந்தப் பேச்சின் நடுவே அவர் தானாக வருவார்.

இன்னொரு சிக்கல், ராஜம் கிருஷ்ணன் 1991இல் எழுதிய 'பாதையில் பதிந்த அடிகள்'. மணியம்மையை நமக்கு மீட்டுக் கொடுத்த நாவல் அது. அதற்கு நான் என்றும் கடன்பட்டவள். இருந்தாலும் நாவலின் உரையாடலை ஆய்வேட்டில் சான்றாக வைக்க முடியாது. நாவலில் படித்ததையே சொந்த நினைவாகச் சொல்பவர்களும் உண்டு, அதில் பொய் இல்லை, நினைவு அப்படித்தான் கலக்கும். ஆகவே ஒவ்வொரு தகவலுக்கு எதிரிலும் "பார்த்தது", "கேட்டது", "படித்தது" என்று ஒன்றைக் குறித்துக்கொண்டே வந்தேன். ஆய்வேட்டில் எனக்கு அதிகம் கைகொடுத்தது இந்தக் குறிப்புதான்.

அவருடைய மரணத்தை எழுதும்போது இது உயிர்நாடியாக இருந்தது. மான் முட்டி இறந்தார் என்கிறார்கள். அது தற்செயல் அல்ல, மிராசுதார்களின் வேலை என்ற சந்தேகமும் கூடவே பேசப்படுகிறது. மனம் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். எனினும் சம்பவத்தையும் சந்தேகத்தையும் தனித்தனிப் பத்திகளில் வைத்து, சந்தேகத்தைச் சொல்பவர் அதை யாரிடம் கேட்டார் என்பதையும் சேர்த்தே எழுதினேன். "நீங்கள் ஏன் முடிவு சொல்லவில்லை?" என்று வாய்மொழித் தேர்வில் கேள்வி வரும். அப்போது அந்த இரண்டு பத்திகளையும் எடுத்துக் காட்டி, கையில் உள்ள சான்று இதுவரைதான் போகிறது என்று நேராகச் சொல்லுங்கள்.