பதினாலு கோரும் ஒரு சறுக்குக்கட்டையும்

2022 மே மாதம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்குக் களக்காட்டிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பா வாழை விவசாயி. தார் விற்ற காசோடு நேராகக் கடைக்கு வந்திருந்தார். பிளஸ் டூ முடித்த பையன் கையில் ஒரு நோட்டுத்தாள். என்னென்ன பாகம் வேண்டும் என்று அவனே எழுதிய பட்டியல். முதல் வரியிலேயே சர்வரிலிருந்து கழற்றி விற்கும் பழைய பிராசசர் ஒன்று: 14 கோர், 28 த்ரெட். பிராசசர் என்ற மூளைச் சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் ஆள்தான் கோர். இதில் ஒரு கோர் ஒரே சமயத்தில் இரண்டு வேலை வரிசையைக் கையில் எடுக்கும், அந்த வரிசைதான் த்ரெட்.

“அண்ணாச்சி, இதுல பதினாலு இருக்குங்கான். புதுசுல ஆறுதானாம், வெலையும் கூடவாம். அப்புறம் எதுக்கு ஆறை வாங்கணும்?” என்றார் அப்பா.

அன்று கடையில் கூட்டம். கல்லூரி சேரப்போகும் பிள்ளைகளுக்கு லேப்டாப் கேட்டு நாலு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பையனிடம் என்ன ஆட்டம் ஆடப்போகிறாய், என்ன மானிட்டர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பட்டியலில் இருந்ததை அப்படியே வரவழைத்து, பூட்டி, விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

பத்து நாள் கழித்துப் பையன் மட்டும் வந்தான். பஸ்ஸில் கேபினெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். “அண்ணே, சும்மா நடக்கையில நல்லாத்தான் ஓடுது. சண்டை வந்தா படம் இழுக்குது.”

ஆடுவது வேலோரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 தடவை படத்தை மாற்றக்கூடியது. இரண்டையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மேசையில் வைத்து ஓடவிட்டுப் பார்த்தோம். ஆள் இல்லாத இடத்தில் நொடிக்கு 170, 180 பிரேம், அதாவது அத்தனை படம். பத்துப் பேரும் ஒரே இடத்தில் கூடிச் சுட ஆரம்பித்ததும் 90க்கு விழுந்தது. எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் பயன்பாடு 15 சதவீதம்தான் காட்டியது.

பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “எண்பத்தஞ்சு சதவீதம் சும்மா கெடக்கு. அப்புறம் ஏண்ணே இழுக்குது?”

நல்ல கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆட்டத்தின் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையை, 1920க்கு 1080இலிருந்து 1280க்கு 720ஆகக் குறைக்கச் சொன்னேன். படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு திணறிக்கொண்டிருந்தால் இப்படிக் குறைத்ததும் பிரேம் எண்ணிக்கை ஏறிவிடும். ஏறவில்லை, அதே 90. அப்படியென்றால் கார்டு வேலைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது, கொடுக்க வேண்டிய பிராசசர்தான் பிந்துகிறது. வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது, காசு செலவில்லை.

அப்புறம் அவனிடம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரைச் சொன்னேன். தேர் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் ஏது? நேர் ரத வீதியில் வடம் பிடிக்க ஆள் கூடக்கூடத் தேர் சுகமாக நகரும். முக்கு வந்ததும் கதை மாறிவிடும். சக்கரத்துக்கு முன்னால் குனிந்து சறுக்குக்கட்டை போடுகிறவர் கட்டையைச் சரியாக வைத்துக் கை காட்டுகிற வரைக்கும் வடத்தைப் பிடித்த அத்தனை பேரும் நின்றுதான் ஆக வேண்டும். இன்னும் ஆயிரம் பேர் வந்தாலும் அங்கே பிரயோஜனம் இல்லை. அவர் கை வேகம்தான் தேரின் வேகம்.

ஆட்டத்துக்குள் அந்தக் கட்டை போடுகிறவர் மெயின் த்ரெட். ஒவ்வொரு பிரேமுக்கும் மவுஸ் எங்கே நகர்ந்தது, யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு பட்டதா என்று வரிசையாகப் பார்த்து, கிராபிக்ஸ் கார்டுக்கு எதை வரைய வேண்டும் என்ற கட்டளையை அனுப்ப வேண்டும். இதில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிற வேலை, பங்கு போட முடியாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஈடுகொடுக்க ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 7 மில்லிசெகண்டு. 60 ஹெர்ட்ஸ் என்றால் 16.7 கிடைக்கும். அந்த 28 த்ரெட்டில் ஒன்று மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் 4 சதவீதம்கூட வராது. 15 என்று காட்டிய எண் எங்களை ஏமாற்றியது அப்படித்தான்.

“அப்போ ஜிகாஹெர்ட்ஸ் கூட இருக்கதா பாத்து வாங்கணுமா?” என்று அடுத்த கேள்வி.

அதுவும் பாதிதான் சரி. ஜிகாஹெர்ட்ஸ் என்பது சிப் நொடிக்கு எத்தனை நூறு கோடி தடவை துடிக்கிறது என்ற கணக்கு. 2004இல் பெண்டியம் 4 சிப் 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை வந்தது. 2006இல் வந்த கோர் 2 டுயோ வரிசையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிப்பே அதை முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடத்தான் ஜிகாஹெர்ட்ஸ் உதவும். அங்கேயும் விதிவிலக்கு உண்டு. அதே 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசர் அதிகபட்சம் 4.5 ஜிகாஹெர்ட்ஸ்தான், அதன் அண்ணன் 5800எக்ஸ் 4.7. ஆனாலும் பெரும்பாலான ஆட்டங்களில் தம்பிதான் வேகம். காரணம் சிப்பின் மேலேயே அடுக்கிய கேச் நினைவகம்: 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி. தேவையான தகவல் பக்கத்திலேயே இருப்பதால் தள்ளியிருக்கும் ரேம் நினைவகத்துக்குப் போய் வரும் நேரம் மிச்சம்.

பையனுக்கு அவ்வளவு விலை கட்டுப்படியாகாது. கோர் ஐ5 12400எஃப் போட்டோம். ஆறு கோர், 12 த்ரெட், அதிகபட்சம் 4.4 ஜிகாஹெர்ட்ஸ். பழையது முட்டி மோதினாலும் 3.3ஐத் தாண்டாது. பிராசசரைப் பூட்டும் பழைய போர்டு இதற்கு ஒத்துவராது என்பதால் போர்டும் மாற்றினோம். கூலி வாங்கவில்லை. எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவுமே வராது என்பதையும் அவன் தாளிலேயே எழுதிக் கொடுத்தேன். சண்டையின் நடுவிலும் பிரேம் 200க்குக் கீழே இறங்கவில்லை. பையன் முகத்தைப் பார்த்தபோது எனக்குத்தான் பாரம் இறங்கியது.

கோர் எண்ணிக்கை வேண்டாத சங்கதி என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் எட்டு கோர் இருக்கிறது. அவற்றுக்காக எழுதப்படும் பெரிய ஆட்டங்கள் வேலையைப் பரப்பி வைக்கின்றன. நாலு கோரில் அவை அங்கங்கே திக்கித் திக்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஆறுக்குக் கீழே போக வேண்டாம் என்கிறேன். ஆறைத் தாண்டியபின் மிஞ்சும் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள் என்பேன்.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த 4.4 என்பது சிப் குளிர்ச்சியாக இருந்து, ஒன்றிரண்டு கோர் மட்டும் உழைக்கும்போது கிடைக்கிற வேகம். போன கத்திரியில் மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கேபினெட்டை மர அலமாரிக்குள் வைத்துக் கதவையும் சாத்தியிருந்தார்கள். விசிறியைக் கழற்றினால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சிப்பின் சூடு 98 டிகிரி. 100ஐத் தொட்டுவிடாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்து 3 ஜிகாஹெர்ட்ஸில் ஊர்ந்துகொண்டிருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, ப்ளோயரால் ஊதி, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் காய்ந்த பேஸ்ட்டை வழித்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்து, அலமாரியை விட்டு வெளியே எடுத்தேன். சூடு 75க்கு இறங்கியது, வேகம் 4ஐத் தொட்டது. புது பிராசசர் வாங்கக் காசு எடுத்து வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது யார் வந்தாலும் முதலில் மானிட்டரையும் ஆட்டத்தின் பெயரையும் கேட்கிறேன், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும்.

பையனிடமிருந்து எடுத்த அந்த 14 கோர் சிப்பைப் போர்டோடு டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாக் கோருக்கும் கொடுக்கலாம், அங்கே ஒருவருக்காக இன்னொருவர் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. முகூர்த்த மாதத்தில் ராத்திரி வெட்டி ஒட்டிய வீடியோவை முழுப் படமாக்கும் ரெண்டரிங் போட்டுவிட்டுப் படுக்கிறாராம். போன வாரம் கடைக்கு வந்தபோது டாஸ்க் மேனேஜரைப் போனில் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினார். த்ரெட்டுக்கு ஒன்றாக இருந்த 28 கட்டமும் உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது.