செவலைக்கு உறைய வைத்த மதியச் சாப்பாடு

எங்கள் நாய் செவலைக்காக, இரண்டு பக்கமும் துளையுள்ள ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறைய வைக்கும் சாப்பாடு இது. இப்போது நிலையாக வந்திருக்கும் கலவையை முதலில் எழுதிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் பொம்மையின் சின்னத் துளையை அடைக்கச் சுண்டைக்காய் அளவு நிலக்கடலை விழுது. அதன்மேல் வேகவைத்து உதிர்த்த கோழிக்கறி கொஞ்சம். பிறகு வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்த பாக்கெட் தீனியையும் நீர் வற்ற வேகவைத்த அரசாணிக்காயையும் (மஞ்சள் பூசணி) சம அளவு கலந்து, பொம்மையின் முக்கால் பாகம் வரை. வாய்ப்பக்கம் துணியில் கட்டி நீர் வடித்த தயிர். பொம்மையை ஒரு டம்ளரில் நிமிர்த்தி நிறுத்தி, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். உப்பு, சர்க்கரை, தாளிப்பு எதுவும் கிடையாது.

இனி இது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று அடிக்கும். மாசி பிறந்ததும் காற்று ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும். கேரளம் என்றாலே மழையும் பச்சையும் என்று எண்ணி வருகிறவர்கள் எங்கள் சித்தூர் வட்டத்துப் பங்குனி வெயிலில் மலைத்துப் போவார்கள். 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. செவலை நாட்டு நாய்க்கும் லாப்ரடாருக்கும் பிறந்தவன், பதினெட்டு கிலோ எடை. காலையில் தென்னந்தோப்பைச் சுற்றி ஓட்டமாக ஓடுவான், கள் வண்டி போனால் வேலி வரை துரத்துவான். பதினொரு மணிக்கு மேல் மண் சுடும். அவன் பாதம் தாங்காது. அப்போதிருந்து வெயில் தாழும் வரை வீட்டுக்குள்தான் கிடக்க வேண்டும். தூங்கினால் பரவாயில்லை, தூங்குவதில்லை. தண்ணீர்க் குழாயைக் கடிப்பான், வாசல் கால்மிதியைப் பிய்ப்பான், சுவரைப் பார்த்துக் குரைப்பான். மற்றவர்கள் அதைச் சேட்டை என்றார்கள். அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்பினேன்.

இந்தப் பொம்மையே அப்படிப் பிறந்ததுதான். 1970களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்த்தார். ஃபிரிட்ஸ் என்று பெயர். அது கல்லையும் கிடைத்ததையும் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஃபோக்ஸ்வாகன் வேன் ஒன்றைப் பழுது பார்த்தபோது அவர் கழற்றிப் போட்ட பாகங்களில் ஒரு ரப்பர்த் துண்டை அது விடாமல் கடித்தது. அந்த வடிவத்தை வைத்து அவர் உருவாக்கியதுதான் காங் பொம்மை. அடுக்கு அடுக்காகப் பெருத்துச் சிறுக்கும் வடிவம், உள்ளே குழி, கீழே பெரிய வாய், மேலே சின்னத் துளை. அந்தச் சின்னத் துளையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒரே வாய் உள்ள பொம்மையை நாய் நக்கும்போது உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு சிக்கிக்கொள்ளக்கூடும். காற்றுப் போக இரண்டாவது வழி இருந்தால் அந்த ஆபத்து இல்லை. வேறு எந்தப் பொம்மை வாங்கினாலும் இரண்டு துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாய்க்குள் முழுதாகப் போய்விடாத அளவில் வாங்குங்கள். வயதுக்கும் கடிக்கும் வேகத்துக்கும் தக்கபடி ரப்பரின் உறுதி மாறும். சிவப்பு சாதாரண நாய்களுக்கு, கறுப்பு முரட்டுக் கடிக்காரர்களுக்கு. செவலைக்குக் கறுப்பு.

பொம்மை வாங்காமல் கொட்டாங்குச்சியில் நிரப்பலாமே என்று அம்மா கேட்டார். தென்னைக்கு நடுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த யோசனை வரும். வேண்டாம். கடிபட்டால் கூர்மையான சில்லாக உடையும், வாயையும் குடலையும் கிழிக்கும்.

மாசி

முதல் வாரங்களில் ஃப்ரீசர் பக்கமே போகவில்லை. எடுத்த எடுப்பில் கல் போல உறைந்த ஒன்றைக் கொடுத்தால், இரண்டு முறை முகர்ந்துவிட்டு நாய் அதைக் கைவிட்டுவிடும். ஆகவே முதலில் உலர்ந்த தீனியைத் தளர்வாகப் போட்டுக் கொடுத்தேன், உருட்டினாலே கொட்டும்படி. பிறகு தயிர் கலந்து கொஞ்சம் இறுக்கினேன். பிறகு அதையே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர்வித்தேன். அடுத்து ஃப்ரீசரில் ஒரு மணி நேரம், அரை உறைவாக. பொம்மைக்குள் சாப்பாடு இருக்கிறது, முயன்றால் வரும் என்ற நம்பிக்கை அவனுக்கு ஊறிய பிறகுதான் முழுதாக உறைய வைத்தேன். யாராவது என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டால் நான் சொல்வது இந்தப் படிப்படியைத்தான். கலவை எதுவாகவும் இருக்கலாம்.

பங்குனி

உண்மையான வேலை இங்கேதான். எது எப்படி உறைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

உப்பில்லாத கோழிச் சாறு வாசனையில் முதலிடம். ஆனால் தண்ணீர் தண்ணீர்தான், பாறையாக உறைகிறது. செவலை அதைக் கடைவாய்ப் பல்லால் உடைக்கப் பார்த்தான். நாய்களின் மேல்தாடையில் இருக்கும் பெரிய கடைவாய்ப்பல் இப்படித்தான் பிளக்கும் என்று எங்கள் கால்நடை மருத்துவர் எச்சரித்திருந்தார். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்கக் கூடாது என்பது அவர் சொன்ன அளவுகோல். அன்றிலிருந்து ஒவ்வொரு கலவையையும் நகத்தால் அழுத்திப் பார்த்த பிறகே கொடுக்கிறேன். ஐஸ் கட்டியை அப்படியே கடிக்கக் கொடுப்பதையும் நிறுத்தியாயிற்று.

சோறு சரிப்படவில்லை. மட்டை அரிசிச் சோறு உறைந்ததும் தனித்தனி மணியாக விறைத்து, உருகும்போது பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. பத்து நிமிட வேலைகூட இல்லை. குழைய வேகவைத்தால் கொஞ்சம் பிடிக்கிறது. ராகிக் களி நன்றாக நிற்கும் என்று மிகவும் எதிர்பார்த்தேன். உறைந்து உருகும்போது களி நீர் விட்டு நெகிழ்ந்து, பொம்மையைச் சுற்றிக் குட்டை கட்டிவிட்டது. மாவுப்பசை இறுகியது எதுவானாலும் இதே கதைதான்.

வாழைப்பழம் அருமை. சர்க்கரைச் சத்து இருப்பதால் கல்லாக இறுகாமல், ஐஸ்கிரீம் பதத்தில் நக்க வசதியாக நிற்கிறது. ஆனால் அந்தச் சர்க்கரைக்காகவே அதை அடிப்படையாக வைக்க எனக்கு மனமில்லை. வாரத்தில் என்றாவது ஒருநாள் அரைப் பழம். முதலமடை மாம்பழம் வரும் காலத்தில் தோலும் கொட்டையும் நீக்கி இரண்டு துண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

தயிரை அப்படியே ஊற்றினால் நீர் பிரிந்து பனிச்சில்லாகிறது. வேட்டித் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு பாத்திரத்தின்மேல் தொங்கவிட்டு நீரை வடித்தால் வெண்ணெய்ப் பதம் வருகிறது. உறைந்த பிறகும் நகம் பதிகிறது. பால் ஒத்துக்கொள்ளாத நாய்களுக்குத் தயிரையும் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்த பிறகே கூட்ட வேண்டும்.

அரசாணிக்காயைக் கண்டு சொன்னது அம்மா. வேலந்தாவளம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், கடையில் துண்டாகவும் தருவார்கள். "தண்ணீரே ஊற்றாமல் மூடி வேகவை கண்ணு, அதன் நீரே போதும்" என்றார். அப்படி வேகவைத்து மசித்தால் நார்ப்பிடிப்போடு கெட்டியாக நிற்கிறது. பிசைந்த பாக்கெட் தீனியோடு சேர்ந்தால் அது மெதுவாக, விளிம்பிலிருந்து உள்நோக்கி உருகுகிறது. நான் தேடியது இதைத்தான். சத்தும் குறையாது, ஏனென்றால் அடிப்படை அவன் அன்றாடம் தின்னும் அதே தீனி.

இங்கே என் கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் பலகாரமாக நினைக்காதீர்கள். நொறுக்குத் தீனி ஒரு நாள் உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பொம்மை நிறைய அடைத்தால் அந்தக் கணக்கு ஒரே நாளில் மீறிப்போகும். ஆகவே செவலையின் ஒரு நாள் தீனியில் கால் பங்கைக் காலையிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறேன். அதுதான் பொம்மைக்குள் போகிறது. அவன் கூடுதலாக எதுவும் தின்பதில்லை. அதே சாப்பாட்டுக்கு உழைக்கிறான். கோழிக்கறியும் விழுதும் வாசனைக்கு மட்டும்.

பக்கத்து வீட்டுச் சேச்சி ஒருநாள் பார்த்துவிட்டு, "மோளே, மிச்சமான சாம்பார் சோற்றை இப்படி உறைய வைத்தால் ஆகாதா?" என்று கேட்டார். "சாம்பார் மட்டும் வேண்டவே வேண்டாம் சேச்சி" என்றேன். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அடுத்தது புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று அண்மை ஆண்டுகளில் கால்நடை நச்சியல் நிபுணர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் நம் புளியில் நிறைய இருக்கிறது. நம் வீடுகளில் நாய்க்குப் போகும் மிச்சச் சோற்றில் புளியும் வெங்காயமும் இல்லாத நாள் அரிது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நிலக்கடலை விழுதை நானே அரைக்கிறேன். கடையில் விற்பதில் சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிடால் சேர்க்கிறார்கள். அது நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், கல்லீரலையும் தாக்கும், சிறிய அளவே உயிருக்கு ஆபத்து. அட்டையில் 967 என்ற எண் இருந்தாலும் அதுதான். வீட்டில் அரைப்பவர்கள் கடலையை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். நாய்களின் கல்லீரல் அதைத் தாங்காது.

சித்திரை

இந்த மாதத்தில் மின்வெட்டு சேர்ந்துகொண்டது. நாம் வெளியே போயிருக்கும்போது கரண்ட் போய், உள்ளே இருந்தது உருகி, மறுபடி உறைந்திருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிட வேண்டும். நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. அடியில் போய்க் கிடந்தால் எல்லாம் உருகியிருக்கிறது, அந்தக் கறியையும் தயிரையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

வெளியே எடுத்த பிறகும் காலக்கெடு உண்டு. காற்று 32 டிகிரிக்கு மேல் இருந்தால், சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உறைந்த பொருள் சில்லென்று இருக்கும் வரை கொஞ்சம் தாங்கும். ஆனாலும் சில்லிப்பு போனதும் மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். பிடுங்குவதில்லை, வேறொரு தீனித் துண்டை நீட்டினால் அவனே பொம்மையை விட்டுவிட்டு வருகிறான். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறையில்தான் கொடுக்க வேண்டும். உயிருக்குயிரான நண்பர்களும் இதற்காக உறுமிக்கொள்ளும்.

எறும்புக்கும் வழி கண்டாயிற்று. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் விளிம்புள்ள இன்னொரு தட்டில் பொம்மை. செவலை தண்ணீரையும் இடையிடையே குடித்துக்கொள்கிறான், அது இன்னும் நல்லது.

இது வெயிலுக்கு மருந்து அல்ல. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். இரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஓடி வந்து இரைத்துக்கொண்டிருக்கும்போது பொம்மையைக் கொடுப்பதில்லை. முதலில் தண்ணீர், மின்விசிறி, மூச்சு அடங்கட்டும். எச்சில் கெட்டியாகி, தள்ளாடி, இரைப்பு நிற்காமல் இருந்தால் அது வெப்ப அதிர்ச்சி. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் காற்று படும்படி வைத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கழுவுவது தனிப்பாடு. உள்ளே ஒட்டிய தயிர் காய்ந்தால் மணக்கும். தின்று முடித்த உடனே வெந்நீரில் ஊறவைத்து, பால்புட்டி கழுவும் தூரிகையால் தேய்த்து, வெயிலில் படாமல் நிழலில் கவிழ்க்கிறேன். ரப்பரில் விரிசலோ கடித்துப் பெயர்ந்த இடமோ தெரிந்தால் அந்தப் பொம்மை அதோடு சரி.

பலன் என்னவென்றால், பிற்பகல் ஒரு மணிக்குக் கொடுத்தால் முக்கால் மணி நேரம் வரை அவன் கவனம் அதை விட்டு அகல்வதில்லை. முன்காலிரண்டாலும் பிடித்துக்கொண்டு நக்குகிறான், கவிழ்க்கிறான், ஒரு முறை தள்ளிவிட்டு மறுபடி நக்குகிறான். முடிந்ததும் அதே இடத்தில் உறங்கிவிடுகிறான். குழாய் தப்பித்தது. குரைப்பு முற்றிலும் நின்றுவிடவில்லை, பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிகிறது என்று நான் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் மறுப்பதில்லை.

சேச்சியின் லாப்ரடாருக்கு வயது பன்னிரண்டு, பல் தேய்ந்துவிட்டது. அதற்கு முழு உறைவு ஆகாது. இட்லித் தட்டுக் குழிகளில் அரசாணிக்காயும் வடித்த தயிரும் கலந்து ஊற்றி, ஒரு மணி நேரம் மட்டும் ஃப்ரீசரில் வைத்து, தட்டிலேயே நக்கக் கொடுத்தோம். நன்றாக நடக்கிறது. அளவு சின்னதாக இருப்பதால் குட்டி நாய் வளர்ப்பவர்களும் இதையே செய்யலாம்.

அடுத்து மத்தி மீனைப் பார்க்கப் போகிறேன். குக்கரில் முள் விரலால் நசுக்கினால் மாவாகும் வரை உப்பில்லாமல் வேகவைத்து, கோழிக்கறியின் இடத்தில் ஒரு கரண்டி. கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் உறைந்தாலும் மென்மையாகவே நிற்க வேண்டும். நகத்தடம் விழுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.