பிப்ரவரியில் செரங்கெட்டி: ஐந்து லட்சம் கன்றுகள் பிறக்கும் சமவெளி

தான்சானியாவின் செரங்கெட்டிக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பிப்ரவரி என்றுதான் சொல்லி வருகிறேன். பெரும்பாலானவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறார்கள். வைல்டுபீஸ்ட் (மாடு மாதிரித் தோற்றமுள்ள ஆப்பிரிக்கக் காட்டு விலங்கு) கூட்டம் மாரா ஆற்றில் குதிப்பதையும் முதலைகள் காத்துக் கிடப்பதையும் டிவியில் பார்த்துவிட்டு நேரில் பார்க்க ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் கூட்டம் எப்போது ஆற்றில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் நிறையப் பேர். பிப்ரவரியில் தெற்கே நடப்பது வேறு. இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஏறத்தாழ ஐந்து லட்சம் வைல்டுபீஸ்ட் கன்றுகள் அங்கே பிறக்கின்றன. காலை வேளையில் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திப் பொறுமையாக இருந்தால் ஒரு பிரசவத்தையாவது பார்த்துவிடலாம்.

நானும் மனைவியும், அக்காவும் அத்தானும் போனோம். நைரோபி வழியாகக் கிளிமஞ்சாரோ விமான நிலையம், அங்கிருந்து அருஷா. கென்யா வழியாகப் போய் வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இந்தியாவில் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், அதனால் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, தான்சானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. முறுக்கும் புளிசாதப் பொடியும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தாரங்கிரே தேசியப் பூங்கா. யானைகளுக்குப் பேர்போன இடம், கடித்து ரத்தம் குடிக்கும் ட்செட்சி ஈக்கும்தான். ஈயைப் பிடிக்க மரங்களில் நீலமும் கறுப்புமாகத் துணிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஏனென்றால் அந்த இரண்டு நிறங்களும் அதை இழுக்கும். ஜீன்ஸைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுக் காக்கி அணிவது நல்லது.

அப்புறம் கோரோங்கோரோ. எரிமலை உள்வாங்கியதால் உண்டான பள்ளம் இது. விளிம்பிலிருந்து சுமார் 600 மீட்டர் ஆழம், அடித்தரை மட்டும் 260 சதுர கிலோமீட்டர். சுவர் போன்ற சரிவுகளால் ஒட்டகச்சிவிங்கிகள் உள்ளே கிடையாது. பூநாரைகளை உப்பு ஏரியில் பார்த்தோம், ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைத் தொலைநோக்கியில் புள்ளியாகப் பார்த்தோம். அழகான இடம், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் மனம் முழுக்க மேற்கே கீழே இருந்த புல்வெளியில்தான் இருந்தது.

செரங்கெட்டியின் தெற்கே இருக்கும் அந்தப் புல்வெளிக்கு இண்டூட்டு என்று பெயர். அங்கே வந்ததும் முதலில் சத்தம்தான் நம்மைச் சூழ்கிறது. மழை பெய்த இரவில் குளத்துத் தவளைகள் கத்துமே, அதே மாதிரி விடாமல் ஒரு முனகல். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வைல்டுபீஸ்ட், இடையிடையே வரிக்குதிரை. மொத்தக் கூட்டம் சுமார் 13 லட்சம் என்கிறார்கள். இத்தனையும் ஏன் இங்கே வந்து ஈனுகின்றன? பக்கத்து எரிமலைகள் காலங்காலமாகக் கொட்டிய சாம்பல்தான் இந்த மண். ஒல் டோய்ன்யோ லெங்காய் இப்போதும் உயிரோடிருக்கும் எரிமலை. இந்த மண்ணில் முளைக்கும் குட்டைப்புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கும் தாய்க்கு அது தேவை. மண்ணுக்கடியில் கெட்டிப்பட்ட அடுக்கு இருப்பதால் மரம் வேரூன்றுவதில்லை. அதனால் சிங்கம் வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

எங்களுக்கு மிக அருகில் ஒரு பசு (வைல்டுபீஸ்ட் பெட்டையை நான் பசு என்றே சொல்கிறேன், அத்தான் சிரித்தாலும் சரி) படுப்பதும் எழுவதுமாக இருந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, யாரும் எழுந்து நிற்க வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். முன்னங்குளம்புகள் இரண்டும் வெளியே தெரிந்தன, பிறகு மூக்கு. அதோடு எழுந்து இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி படுத்தது. ஒரே உந்தலில் கன்று புல்லில் விழுந்தது. ஈரமாக, வெளிர் பழுப்பு நிறம், தாயின் நிறமே இல்லை. தாய் நக்க ஆரம்பித்ததுமே அது எழப் பார்த்தது. பின்னங்கால்கள் முதலில் எழுந்தன, முன்னங்கால் மடங்கி முகம் மண்ணில் மோதியது. மறுபடி. மறுபடி. ஐந்தாறு நிமிடத்தில் நான்கு கால்களும் நின்றுவிட்டன. மடியைத் தேடித் தாயின் முன்னங்கால் பக்கம் போய் முட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நஞ்சுக்கொடிக்காக ஒரு நரி தள்ளி உட்கார்ந்து காத்திருந்தது.

ஒரே சமயத்தில் இத்தனை பிறப்பதே கன்றுகளுக்கு ஒரு பாதுகாப்பு. சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்ன முடியும்? சீக்கிரமோ தாமதமாகவோ பிறப்பவைதான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

மறுநாள் பார்த்த ஒன்று மனதைக் கெடுத்தது. இண்டூட்டுவில் கோரோங்கோரோ காப்பகத்துக்குள் வரும் பகுதியில் தடத்தை விட்டு விலகி ஓட்ட அனுமதி உண்டு. மூன்று குட்டிகளோடு ஒரு சிவிங்கிப்புலி வேட்டைக்குக் கிளம்பியதும், வானொலியில் செய்தி போய், இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்து வளைத்துக்கொண்டன. அது எந்தப் பக்கம் திரும்பினாலும் சக்கரம். கடைசியில் வேட்டையைக் கைவிட்டுப் புல்லில் படுத்துவிட்டது. பக்கத்தில் கென்யாவிலுள்ள மாசாய் மாராவில் செய்து 2018-இல் வெளியான ஆய்வு, சுற்றுலா வண்டிகள் நெருக்கும் இடங்களில் சிவிங்கிப்புலிக் குட்டிகள் பிழைத்து வளர்வது மிகவும் குறைவு என்று காட்டியிருக்கிறது. எங்கள் ஓட்டுநரைத் திரும்பச் சொன்னோம். அவருக்கும் அதுதான் விருப்பமாக இருந்தது. போகிறவர்கள் முதல் நாளே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள், நெருங்கிப் போக வேண்டாம் என்று. நெருங்கிப் போகச் சொல்லி நாம் கேட்போம் என்று நினைத்துத்தான் அவர்கள் போட்டிபோட்டு நெருங்குகிறார்கள்.

திரும்பும் வழியில், கோரோங்கோரோ விளிம்பை நோக்கி ஏறும் சாலையோரம், மாசாய் மக்களின் மாட்டு மந்தைகள். கீழே அவ்வளவு நல்ல புல் இருக்க, இந்தக் குளிரில் ஏன் மேலே மேய்க்கிறார்கள் என்று கேட்டேன். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி அங்கிருந்த பெரியவரிடமே கேட்டுச் சொன்னார். வைல்டுபீஸ்ட் கன்றுகளிடமிருந்து ஒரு வைரஸ் மாடுகளுக்குத் தொற்றும். வைல்டுபீஸ்டை அது ஒன்றும் செய்யாது, மாட்டைக் கொன்றுவிடும். அதனால் கன்று ஈனும் காலத்தில் வருடத்திலேயே மிகச் சிறந்த புல்லை விட்டுக்கொடுத்து மேட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1890-களில் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு நோய், முன்னே சொன்ன வைரஸ் வேறு) ஆப்பிரிக்காவையே சூறையாடியது. மாசாய் மாடுகளும் வைல்டுபீஸ்டும் கொத்துக்கொத்தாகச் செத்தன. பிறகும் அந்த நோய் போகவில்லை. 1960-களின் தொடக்கத்தில் செரங்கெட்டியில் இரண்டரை லட்சம் வைல்டுபீஸ்ட்தான் இருந்தன. சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு காட்டு விலங்குகளிடமும் நோய் மறைந்தது. 1970-களின் பிற்பகுதியில் கூட்டம் 13 லட்சத்தைத் தொட்டது. அவை புல்லைத் தின்று தீர்த்ததில் காட்டுத்தீ குறைந்து மரங்களும் கூடின. கென்யாவின் முகுகாவில் உயிரணு வளர்ப்பு முறையில் தடுப்பூசி உருவாக்கிய வால்டர் பிளவ்ரைட்டுக்கு 1999-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். 2011-இல் நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். நம் ஊரிலும் தொழுவம் தொழுவமாகக் காலிசெய்த நோய் அது.

நாம் காசு கொடுத்துப் பார்க்கும் இந்தக் காட்சிக்குப் பின்னால் மாடு வைத்திருப்பவர்களின் பங்கு இவ்வளவு இருக்கிறது. ஆனால் 1959-இல் செரங்கெட்டிக்குள்ளிருந்து மாசாய்களை வெளியேற்றிக் கோரோங்கோரோவில் குடியமர்த்தினார்கள். 2022 முதல் அங்கிருந்தும் தொலைவிலுள்ள மசோமேராவுக்குப் போகச் சொல்கிறது அரசு. மக்கள்தொகையும் மாடுகளும் பெருகிவிட்டன என்பது அரசு சொல்லும் காரணம். விளிம்பிலேயே வரிசையாக விடுதிகளைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பெரியவரிடம் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மாடுகளை எடுத்துக்கொள், என்னை வேண்டாம் என்றார். மாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.