சேதாரத்தை எங்கே வைப்பது?

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு, பைத்தான் மொழியில் வெப் ஆப் கட்ட உதவும் ஜாங்கோவில் சின்னதாக ஒரு வெப் ஆப் செய்து கொடுத்திருந்தேன். எடையைப் போட்டால் கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து பில் வந்துவிடும், அவ்வளவுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தபோது, ஏழாவது கொண்டை ஊசி வளைவில் போன். "தம்பி, இந்த டிசைனுக்குச் சேதாரம் ஏத்தணுமுங்க, பார்ட்டி முன்னாடியே உட்கார்ந்திருக்காரு." சேதாரம் இருந்ததோ, நான் மட்டுமே தொடக்கூடிய செட்டிங்ஸ் ஃபைலில். 20 வளைவும் ஏறி, ஏரிப் பக்கம் வண்டியை ஓரம் கட்டி, லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு எண்ணை மாற்றி, மாற்றத்தைப் பதிவு செய்து (கமிட்), சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்குள் அவர்கள் துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டு வியாபாரத்தை முடித்துவிட்டார்கள்.

ராத்திரி அந்த ஃபைலைப் பார்த்தால் எனக்கே வெட்கமாகிவிட்டது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதிலே, கொலுசுக் கூலியும் அதிலே.

எல்லாவற்றையும் என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது புரோகிராமுக்கு வெளியே அந்தந்தக் கணினியில் வைக்கும் மதிப்புகளில், தள்ளு என்பார்கள். ஆப்களை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோகுக்காரர்கள் எழுதிய 'ட்வெல்வ் ஃபேக்டர்' விதிகளைத்தான் ஆதாரம் காட்டுவார்கள், ஆனால் அதில் கான்ஃபிக் (அமைப்பு மதிப்புகள்) என்று சொல்வது ஆப் ஓடும் ஓர் இடத்துக்கும் (டிப்ளாய்) இன்னொன்றுக்கும் இடையே மாறுவதை மட்டும்தான். என் லேப்டாப்பில் ஒரு சேதாரம், சர்வரில் ஒரு சேதாரமா இருக்கிறது?

அதனால் யார் மாற்றுவார் என்று பார்த்துப் பிரித்தேன். அண்ணன் மாற்றுகிற கூலியும் சேதாரமும் டேட்டாபேஸுக்குப் போய்விட்டன, அட்மின் பக்கத்தில் அவரே மாற்றிக்கொள்வார். பாஸ்வேர்டு, ஜாங்கோவின் ரகசியச் சாவியான சீக்ரெட் கீ இரண்டும் என்விரான்மென்ட்டுக்கு. பழைய பாஸ்வேர்டை ஃபைலிலிருந்து அழித்தாலும் கோடின் பழைய வடிவங்களை எல்லாம் சேர்த்து வைக்கும் கிட் ஹிஸ்டரியில் அப்படியே கிடக்கும், ஆகவே பாஸ்வேர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. ஜிஎஸ்டியைப் புரோகிராம் கோடிலேயே விட்டுவிட்டேன். அரசு மாற்றினால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எந்த விகிதத்தில் போட்டோம் என்பது பில்லோடு சேர்ந்து பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் பழைய பில்லைத் திரும்பத் திறக்கும்போது தொகை மாறிக் காட்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு டீபக்கில் கோட்டை விட்டேன். பிழை வந்தால் அதன் உள்விவரங்களை எல்லாம் மஞ்சள் பக்கத்தில் கொட்டும் ஜாங்கோ ஸ்விட்ச் அது, சர்வரில் அணைத்து வைக்க வேண்டும், அதையும் என்விரான்மென்ட்டுக்கு மாற்றியிருந்தேன். என்விரான்மென்ட்டிலிருந்து வருவதெல்லாம் வெறும் எழுத்து. ஃபால்ஸ் என்று எழுதி வைத்தாலும் காலியாக இல்லாத ஸ்ட்ரிங் என்பதால் பைத்தான் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் அண்ணனிடமிருந்து போன்: "தம்பி, பில்லுக்குப் பதிலா மஞ்சக் கலர்ல பக்கம் பக்கமா ஏதோ வருதுங்க."