பத்து லட்சம் பேருக்கு ஒரே நாற்காலி: டெலவேர் தேர்தல் நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று எங்கள் மாநிலத்தில் பிரைமரி. நவம்பரில் யாரை நிறுத்துவது என்று ஒவ்வொரு கட்சியும் தன் வாக்காளர்களிடம் கேட்கும் நாள். எனக்கு ஓட்டு இல்லை. போன வருடம் குடியுரிமை கிடைத்த கையோடு வாக்காளராகப் பதிந்தேன். கட்சி என்று கேட்ட இடத்தில் 'எதுவுமில்லை' என்று நிரப்பினேன். டெலவேரில் அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும்தான் அந்தந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்க முடியும் என்பது அப்போது தெரியாது. இங்கே வாக்காளர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் என்னைப் போலக் கட்சி சாராதவர்கள். அத்தனை பேரும் இன்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். இது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த வருடம் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்கிறது. நாட்டின் மேல்சபையான செனட்டில் எங்கள் உறுப்பினர் டாம் கார்ப்பர் இனிமேல் நிற்கப் போவதில்லை என்று போன வருடம் மே மாதமே சொல்லிவிட்டார். அவர் இடத்துக்கு லிசா ப்ளன்ட் ராச்செஸ்டர் போட்டியிடுகிறார். அதனால் நம் ஊர் மக்களவை மாதிரியான பிரதிநிதிகள் சபையில் அவர் இருந்த இடம் காலியாகிறது. அந்த இடம் ஒன்றுதான். மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒரு நாற்காலி.

இரவு ஒன்பது மணிக்குள் தெரிந்துவிட்டது. ஜனநாயகக் கட்சியில் சாரா மெக்பிரைட், கிட்டத்தட்ட 80 சதவீதம். குடியரசுக் கட்சியில் ஜான் வேலன், முன்பு மாநிலப் போலீஸில் இருந்தவர், பிறகு தொழில் நடத்தியவர். ஆனால் தெருவில் யாரும் இதைப் பேசவில்லை. இங்கிருந்து நாற்பது மைலுக்குள் இருக்கும் பிலடெல்பியாவில் ஹாரிஸும் ட்ரம்பும் விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லா வீட்டு ஜன்னலிலும் அந்த நீல வெளிச்சம்தான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பிரைமரியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்று வேலியோரம் நின்று அரை மணி நேரம் சொன்னார். அவருக்கு எண்பது வயது. 2010-இல் மைக் கேசில் செனட்டுக்கு நின்றார். ஆளுநராக இருந்தவர், பதினேழு வருடம் அந்த ஒற்றை நாற்காலியில் இருந்தவர், இரண்டு கட்சிக்காரர்களுக்கும் பிடித்தவர். அவர் ஜெயிப்பார் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பிரைமரியில் கிறிஸ்டீன் ஓ'டானெல் அவரைச் சுமார் 3,500 வாக்கில் தோற்கடித்தார். நவம்பரில் ஓ'டானெல்லை கிறிஸ் கூன்ஸ் எளிதாக வென்றார். கூன்ஸ் இன்னும் செனட்டர். ஒரு சிறிய மாநிலத்தின் பிரைமரியில் 3,500 பேர் செய்ததுதான் அத்தனையும்.

1972 கதையும் சொன்னார். அந்த வருடம் ஜோ பைடனுக்கு 29 வயது. ஆளுநராகவும் இருந்த, பழம் தின்று கொட்டை போட்ட செனட்டர் கேலப் பாக்ஸை 3,162 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். "எங்க தெருவிலேயே அந்தப் பையன் வந்து கதவைத் தட்டினான்" என்றார் பெரியவர். அவருக்கு இன்னும் அது 'அந்தப் பையன்'தான்.

அக்டோபர் 12, சனி

பதிவு செய்யக் கடைசி நாள். என் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டேன். இருக்கிறது.

டிவியைத் திறந்தால் பென்சில்வேனியா. எங்களுக்கென்று தனியாகப் பெரிய டிவி நிலையம் கிடையாது. வடக்கே இருக்கும் எங்களுக்கு பிலடெல்பியா அலைவரிசைகள், தெற்கே இருப்பவர்களுக்கு மேரிலாந்தின் சால்ஸ்பரி. அங்கே செனட்டுக்கு நிற்கும் பாப் கேசியும் டேவ் மெக்கார்மிக்கும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் விளம்பரங்கள் காலையிலிருந்து இரவு வரை. அவர்களில் யாருக்கும் நான் ஓட்டுப் போட முடியாது. என் ஓட்டைக் கேட்பவர்களின் முகம் அந்தப் பெட்டியில் வருவதே அபூர்வம். அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். உழவர் சந்தை, தேவாலயத்துச் சாப்பாடு, தீயணைப்பு நிலையத்து விருந்து. இங்கே நின்றால் எப்படியும் ஒரு நாள் கைகுலுக்கிவிடலாம்.

சாயங்காலம் அம்மா கோவில்பட்டியிலிருந்து பேசினாள். "ஏட்டி, உங்க ஊர்ல எத்தனை எம்.பி.?" என்றாள். ஒன்றுதான் என்றேன். "ஊருக்கா?" "இல்லம்மா, மாநிலத்துக்கே." நம்பவில்லை. எங்கள் தூத்துக்குடித் தொகுதியில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். டெலவேரில் குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து 2020 கணக்கெடுப்பில் 9,89,948 பேர். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஒருத்தர் போதும்ல" என்றாள்.

போதாது, அம்மா. அங்கேதான் எனக்கு ஆதங்கம். ரோட் தீவில் 10,97,379 பேர். எங்களைவிட ஒரு லட்சம்தான் அதிகம், அவர்களுக்கு இரண்டு இடம். வயோமிங்கில் 5,76,851 பேர், அவர்களுக்கும் ஒன்று. 435 இடங்களைப் பங்கு போடும் கணக்கில் நாங்கள் இரண்டாவது இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டோம். நாட்டிலேயே அதிக மக்கள் இருக்கும் தொகுதி எங்களுடையதுதான். ஒரே ஒரு முறை, 1813 முதல் 1823 வரை, டெலவேருக்கு இரண்டு பிரதிநிதிகள் இருந்தார்கள்.

செனட்டில் கதை வேறு. கலிபோர்னியாவுக்கும் இரண்டு, எங்களுக்கும் இரண்டு. 1787-இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு எழுத உட்கார்ந்தபோது, மாநிலங்களின் சம ஓட்டை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று டெலவேர் தன் பிரதிநிதிகளுக்கு எழுதிக் கொடுத்தே அனுப்பியது. கன்னிங் பெட்ஃபோர்டு என்பவர் ஒருபடி மேலே போய், பெரிய மாநிலங்கள் நெருக்கினால் சிறிய மாநிலங்கள் கைகொடுக்கும் வெளிநாட்டு நண்பரைத் தேடிக்கொள்ளும் என்று சபையிலேயே எச்சரித்தார். செனட்டில் சம இடம் உறுதியான பிறகு, அந்த வருடம் டிசம்பர் 7 அன்று முதல் ஆளாக ஒப்புதல் கொடுத்ததும் இதே டெலவேர்தான். வண்டி நம்பர் பிளேட்டில் 'முதல் மாநிலம்' என்று போட்டுக்கொள்வது அதனால்தான்.

அக்டோபர் 28, திங்கள்

அதிபர் பைடன் இன்று நியூ காசிலில் முன்கூட்டியே வாக்களித்தார். நாற்பது நிமிடம் வரிசையில் நின்றாராம். முன்னால் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இந்த முன்கூட்டிய வாக்குப்பதிவே செல்லாது என்று பிப்ரவரியில் ஒரு நீதிமன்றம் சொல்லி, ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ததால்தான் இந்த வரிசையே நடக்கிறது.

நான் தேர்தல் அன்றுதான் போடப் போகிறேன். முதல் ஓட்டு. அந்த நாளிலேயே போட வேண்டும் என்று ஆசை.

நவம்பர் 5, செவ்வாய்

ஆறே முக்காலுக்கே பள்ளிக்கூடத்து வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். கணவர் காரிலேயே இருந்தார். அவருடைய குடியுரிமை விண்ணப்பம் நேர்காணல் முடிந்து பதினான்கு மாதமாக ஓர் அலுவலகத்தில் கிடக்கிறது. எந்தப் பதிலும் இல்லை. ஆகஸ்டில்தான் நம் பிரதிநிதியின் வில்மிங்டன் அலுவலகத்துக்கு எழுதினோம். அவர் சார்பில் விசாரிக்க அனுமதி கொடுக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், விசாரணை அனுப்பினார்கள். இரண்டு முறை அவர்களே கூப்பிட்டும் சொன்னார்கள், "இன்னும் பதில் வரவில்லை, விடவில்லை" என்று. காங்கிரஸ் என்றால் சட்டம் போடும் இடம் என்று மட்டும் நினைத்திருந்தேன். தொண்டை அடைத்து நிற்கும் ஒரு குடும்பத்துக்காக ஓர் இளம் பெண் மேஜையில் உட்கார்ந்து போன் செய்வதும் அதே காங்கிரஸ்தான்.

உள்ளே என் பெயரைத் திரையில் தேடி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நீளமான ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தார்கள். இயந்திரம் ஒரு கதவு அளவுக்குப் பெரிய திரை. எல்லாப் பதவியும் எல்லாப் பெயரும் ஒரே பார்வையில் தெரிகிறது. தாளைச் செருகினேன். அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை, ஆளுநர். ஒவ்வொரு பெயரையும் தொட்டதும் பச்சையாகிறது. அச்சடி என்று அழுத்தியதும் தாள் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றது. நான் தேர்ந்தெடுத்த பெயர்கள் கறுப்பு மையில். நம் ஊரில் ஓட்டைச் சரிபார்க்கக் காட்டும் சீட்டு ஏழு நொடி தெரிந்து விழுந்துவிடும். இது நான் சரி என்று சொல்லும்வரை நின்றது. இரண்டு தடவை படித்தேன். அப்புறம் அழுத்தினேன்.

"மை வச்சாங்களா?" என்று அம்மா கேட்டாள். மை இல்லை, சட்டையில் ஒட்டும் ஒரு சின்ன ஸ்டிக்கர். அதைக் கணவர் வாங்கி கார் டேஷ்போர்டில் ஒட்டிவிட்டார்.

நவம்பர் 6, புதன்

தூங்கவில்லை. நாட்டின் முடிவு எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டு முடிவு இது: செனட்டுக்கு ப்ளன்ட் ராச்செஸ்டர், குடியரசுக் கட்சியின் எரிக் ஹேன்சனையும் சுயேச்சைக் கட்சியின் மைக் கட்ஸையும் தாண்டி. பிரதிநிதிகள் சபைக்கு மெக்பிரைட், சுமார் 58-க்கு 42. தெற்கே சசெக்ஸ் கவுன்டி வேலனுக்குத்தான் போட்டது. மாநிலத்துக்குக் குறுக்கே ஓடும் கால்வாய்க்கு மேலே ஒரு டெலவேர், கீழே ஒரு டெலவேர் என்று இங்கே சொல்வார்கள்.

2016 வரை ஒரு பெண்ணைக்கூட காங்கிரஸுக்கு அனுப்பாத மூன்று மாநிலங்களில் டெலவேரும் ஒன்று. அந்த வருடம் போன முதல் பெண், முதல் கறுப்பினத்தவர் ப்ளன்ட் ராச்செஸ்டர். கணவர் திடீரென்று இறந்த இரண்டாவது வருடம் அது. 2017 ஜனவரியில் பதவியேற்றபோது ஒரு துணியைக் கையோடு வைத்திருந்தார். அதில் அச்சிட்டிருந்தது அவருடைய முப்பாட்டனுக்கும் முன்னவர் ஒருவரின் 1867-ஆம் வருட வாக்காளர் பதிவு. அடிமையாக இருந்து விடுதலையானவர், ஜார்ஜியாவில். எழுதத் தெரியாது, கையெழுத்து இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியை நேற்று இயந்திரத்தின் முன்னால் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

மெக்பிரைட், காங்கிரஸுக்குத் தேர்வான முதல் வெளிப்படையான திருநங்கை. வெளி உலகம் அதைத்தான் எழுதுகிறது, எழுதட்டும், பெரிய விஷயம்தான். இங்கே அவரை எங்களுக்குத் தெரிந்தது மாநில செனட்டராக. சம்பளத்தோடு குடும்ப விடுப்பு தரும் சட்டத்தை 2022-இல் கொண்டுவந்தவர். தன் கணவர் புற்றுநோயில் இறந்தபோது கூட இருக்க நேரம் கிடைத்ததைச் சொல்லித்தான் அதற்காகப் பேசினார்.

நவம்பர் 7, வியாழன்

அரை நாள் லீவு போட்டு ஜார்ஜ்டவுனுக்குப் போனோம். ரிட்டர்ன் டே. இதைப் பார்க்காமல் டெலவேரில் தேர்தல் முடிந்தது என்று சொல்லக் கூடாது.

1791-இல் சசெக்ஸ் கவுன்டியின் தலைமையிடம் கடற்கரை ஊரான லூவிஸிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு மாறியது. மக்கள் அங்கே வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து முடிவு கேட்கத் திரும்பி வருவார்கள். அந்தத் திரும்பி வருதல்தான் இன்றுவரை நடக்கிறது. இன்று மதியத்துக்கு மேல் சசெக்ஸில் அரசு அலுவலகங்களும் மூடிவிட்டன.

ஒரு மாதத்துக்கு மேலாக மழையே இல்லை. குதிரைக் குளம்பு பட்டு ஓரத்து மண் புகையாக எழுந்தது. நடுவில் வட்டமான சதுக்கம், சுற்றிக் கூட்டம். வென்றவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் வர வேண்டும், அதுதான் முறை. எங்களுக்கு நேரே ஒரு வண்டி நின்றுவிட்டது. உள்ளூர்ப் பதவி ஒன்றுக்கு நின்ற இருவர். தோற்றவருக்குக் கண் வீங்கியிருந்தது, இரண்டு இரவு தூங்காத முகம். வென்றவர் அவர் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். அவர் தலையாட்டினார், தன் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. இருவரும் இரண்டு பக்கமும் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

பிறகு நீதிமன்ற மாடத்திலிருந்து உயரத் தொப்பி போட்ட ஒருவர் சசெக்ஸின் முடிவுகளை உரக்கப் படித்தார். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த எண்கள், இருந்தும் அமைதியாகக் கேட்டார்கள். சண்டை முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கட்சித் தலைவர்கள் சேர்ந்து ஒரு கைக்கோடரியைப் பிடித்து, லூவிஸ் கடற்கரை மணல் நிரப்பிய பெட்டியில் புதைத்தார்கள். அப்புறம் முழு மாட்டைச் சுட்டு ரொட்டியில் வைத்து ஊருக்கே இலவசமாகக் கொடுக்கும் வரிசை. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கணவர் வரிசையில் நின்று வாங்கினார். பக்கத்தில் ட்ரம்ப் ஆதரவாளர்களின் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர், "முதல் தடவையா?" என்று கேட்டு, கூடுதலாக நாப்கின் எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 21, வியாழன்

மெக்பிரைட் இன்னும் பதவியேற்கவே இல்லை. அதற்குள் காங்கிரஸ் கட்டடத்தில் அவர் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று தீர்மானம். நேற்று சபாநாயகர் மைக் ஜான்சன் விதியாகவே அறிவித்துவிட்டார். மெக்பிரைட் விதிப்படி நடப்பேன் என்றும், கழிப்பறைக்காகச் சண்டை போட வரவில்லை, டெலவேர் மக்களுக்காக வந்திருக்கிறேன் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் தணியவில்லை. நாங்கள் அனுப்பிய ஆள் அவர். பத்து லட்சம் பேருக்கு அவர் ஒருவர்தான்.

அம்மாவிடம் சொன்னேன். நம் ஊரில் 2008-லேயே திருநங்கையருக்கு நலவாரியம் வைத்ததை அவள்தான் ஞாபகப்படுத்தினாள். "ஓட்டுப் போட்டு அனுப்பின பெண்ணை வாசல்லயே நிறுத்துவாங்களா?" என்றாள்.

2025 ஜனவரி 3, வெள்ளி

அலுவலகத்தில் ஒரு காதில் இயர்போன். செனட்டில் கமலா ஹாரிஸ் பதவிப் பிரமாணம் செய்துவைக்க, ப்ளன்ட் ராச்செஸ்டர் வலது கையை உயர்த்தினார். மேரிலாந்தின் ஏஞ்சலா ஆல்ஸ்புரூக்ஸும் இன்றுதான். ஒரே நேரத்தில் இரண்டு கறுப்பினப் பெண்கள் செனட்டில் இருப்பது இதுவே முதல் முறை. சபையில் முதலில் சபாநாயகர் தேர்தல் முடிய வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் மெக்பிரைட் உள்பட எல்லோரும் எழுந்து உறுதிமொழி எடுத்தார்கள்.

மதியம் கணவரைக் கூப்பிட்டார்கள். பழைய பிரதிநிதியின் அலுவலகம் மூடுவதால், அவருடைய கோப்பை எங்கே அனுப்புவது என்று கேட்டார்கள். புதிய அலுவலகத்துக்குக் கொடுக்கச் சம்மதம் என்று இன்னொரு படிவத்தில் கையெழுத்து வேண்டும். சாயங்காலம் சமையலறை மேஜையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் ஸ்கேன் செய்து அனுப்பினேன். புது எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முதல் போன்.